சூரைச்செடியின் கீழே

43ஆவது வேலை விண்ணப்பத்துக்கும் அதே பதில்: 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' என் பெயரைக்கூடப் பிழையாக எழுதியிருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. ஜெபிக்க உட்கார்ந்தேன், வார்த்தை எழும்பவில்லை. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார்! இரண்டாம் முறையும் அதே உபசரிப்பு. ஓரேப் மலை வரையிலான 40 நாள் நடை அதற்குப் பிறகுதான். எனக்கு விசுவாசம் போதவில்லை என்று புத்தி சொன்ன நண்பர்கள் (நல்லவர்கள்தான்) இந்த அதிகாரத்தை வாசித்ததில்லை போலும்.

மதியம் வயிறாரச் சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து, தன்விவரக் குறிப்பின் முதல் பத்தியை மட்டும் திருத்தினேன். 44ஆவது நாளைக்குப் போகும்.