ஏற்றத்தில் இழுக்காத வண்டி

பயணம் முடிந்து ரெண்டு நாள் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. போன இடத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று நாளில் ஒன்றரை நாள் நான் பார்த்தது மலையை இல்லை, ஸ்பார்க் பிளக்கை. அதனால் அதையே எழுதுகிறேன்.

என் மோட்டார் சைக்கிளுக்கு வயது 24. ஒற்றை சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், இரும்பு டேங்க். கிளம்புவதற்கு முந்தின வாரம் சர்வீஸ் செய்து, கழுவி, டேங்க் முகம் தெரியும் அளவுக்கு மெழுகு போட்டுத் தேய்த்தேன். தள்ளுபடியில் கிடைத்தது என்று பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டி உட்காரும், காந்தம் வைத்த டேங்க் பை ஒன்றும் வாங்கினேன். சமவெளி முழுக்க வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மலை ஆரம்பித்து எட்டாவது கொண்டை ஊசி வளைவு இருக்கும். மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டிருந்த வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் மோசம். ரெண்டாவது கியர், முதல் கியர், அப்புறம் ஒரு பெருமூச்சு, ஆஃப். ஓரம்கட்டி, பையை எடுத்துக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்து உதைத்தால் முதல் உதையிலேயே ஸ்டார்ட். ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறுகிறது! பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடியும் அதே கதை.

கூட வந்த நண்பன், "உயரம் ஏறினா இப்படித்தான்டா" என்றான். உயரத்தில் இழுவை குறைவது உண்மைதான். ஆயிரம் மீட்டருக்குக் காற்று ஏறக்குறைய 10 சதவீதம் மெலிகிறது, இஞ்சின் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். ஆனால் அது பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுமா? மலை அதே இடத்தில்தானே நிற்கிறது.

நடுவில் மழை வேறு. டேங்க் பைக்கு மழை உறை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், நாலு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. உடனே பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் கேப்பில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். துடைத்தேன், ஊதினேன். ஸ்டார்ட் ஆனது. ஆஹா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன். அடுத்த நாலு கிலோமீட்டரில் மறுபடி நின்றது.

மலை மேல் ஒரு மெக்கானிக். இந்த மனுஷனைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டியை ஒரு சுற்று பார்த்தார். டேங்க் பையை எடுத்து பெஞ்சில் வைத்தார். மேட்டில் ஒரு ரவுண்டு ஓட்டினார், ஜம்மென்று இழுத்தது. திரும்பி வந்து, "தம்பி, வண்டிக்கு வயசாயிடுச்சு. போர் போயிடுச்சு. இஞ்சினை இறக்கிடலாம்" என்றார். நன்றாக ஓடிய வண்டிக்கு இந்தத் தீர்ப்பு! போர் என்றால் சிலிண்டரின் உள்சுவர். அதுவோ அதில் உரசும் பிஸ்டன் ரிங்கோ தேய்ந்தால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று நடிக்காது. எப்போதும் இழுவை குறைவாகவே இருக்கும், பெரும்பாலும் நீலப் புகையும் வரும், உதைக்கும்போது கிக்கர் எதிர்ப்பில்லாமல் தொளதொளவென்று இறங்கும். என் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. வேண்டாம் என்றதும் பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊதினார். வாங்கிய காசு எங்கள் இருவருக்கும் ஒரு ராத்திரி அறை வாடகை. பேரம் பேசினேன், ஒரு காசு குறைக்கவில்லை. மூன்றாம் நாள் திட்டம் அங்கேயே பாதியாகச் சுருங்கியது.

அவர் கழற்றிய பழைய பிளக்கை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ராத்திரி அறையில் விளக்கடியில் பார்த்தால், முனைப் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. வேகமாக எழுந்து உட்கார்ந்தேன். உயரத்தில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தால் பிளக் கரி பிடித்துக் கறுக்க வேண்டும். எண்ணெய் ஏறினால் பிசுபிசுக்கும். சரியாக எரிந்தால் இளம் பழுப்பு. வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அதாவது வண்டி மூச்சு முட்டித் தளரவில்லை, தாகத்தில் தளர்கிறது.

மறுநாள் வேண்டுமென்றே ஏற்றத்தில் முறுக்கினேன். தளரும்போது சோக்கை (பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது) இழுத்தால் ஒரு நொடி உயிர் வந்தது. அதுவும் பெட்ரோல் பக்கமே கை காட்டியது. சூடான இக்னிஷன் காயிலும் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) இப்படி ஓய்வு எடுத்தால் சரியாகும் என்பதால் அதன் மேல் ஒரு கண் இருந்தது. ஆனால் அது போகும்போது மிஸ் அடித்து, வெடித்து, படக்கென்று போகும், இப்படித் தேய்ந்து தேய்ந்து அணையாது. கிளட்ச் வழுக்கினால் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. இங்கே இஞ்சினே கத்தவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கர டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. வால்வு இடைவெளி இறுகிப்போயிருக்குமோ என்ற பயம்தான் கடைசி வரை போகவில்லை, அதைத் திறந்தால் பயணமே முடிந்தது.

அணைந்த உடனே எதையும் தொடாமல் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குழாயை வெட்டிய பாட்டிலுக்குள் விட்டேன். (இஞ்சின் சூடாக இருக்கும், பெட்ரோல் அதில் சிந்தக் கூடாது. பீடி, சிகரெட்காரர்களை இருபதடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.) கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் வழிந்தது. அப்புறம் நூல் மாதிரி. அப்புறம் சொட்டு. சொட்டு. அரை டேங்க் பெட்ரோல் இருக்கிறது, டேங்க் குழாய் திறந்திருக்கிறது, கீழே சொட்டுகிறது. உள்ளே அளவு பார்க்கலாம் என்று டேங்க் பையைத் தூக்கிவிட்டு மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று காற்றை உள்ளே உறிஞ்சியது டேங்க். பாட்டிலில் சொட்டிக்கொண்டிருந்தது பென்சில் கனத்துக்குத் தாரையாகப் பாய்ந்தது. நண்பன் கை தட்டினான். நான் பையைப் பார்த்தேன்.

பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்குத்தான் மூடியில் ஒரு குட்டி ஓட்டை. அதன் மேல்தான் என் பை உட்கார்ந்திருந்தது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் கார்புரேட்டருக்கு மேலே 30 சென்டிமீட்டர் நிற்கிறது என்று வைத்தால், அந்த உயரம் கொடுக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான். டேங்குக்குள் அவ்வளவு வெற்றிடம் உருவானாலே போதும், ஓட்டம் நின்றுவிடும். சமவெளியில் வண்டி கேட்பது கொஞ்சம், கசிந்து வரும் காற்று அதற்கு ஈடுகொடுத்தது. ஏற்றத்தில் முறுக்கினால் கொடுக்கவில்லை. மழையில் உறை மாட்டியதும் பை இன்னும் ஒட்டி உட்கார்ந்தது, அதனால்தான் நாலு கிலோமீட்டர். ஓரம்கட்டிப் பையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தபோதெல்லாம் நானே வைத்தியமும் பார்த்திருக்கிறேன்! மெக்கானிக்கின் கையில் வண்டி ஒழுங்காக ஓடியதும் அதனால்தான். அதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காசு வாங்கியது மட்டும் அவர்.

பையை எடுத்துவிட்டு மூடியை மூடிப் பார்த்தேன். தாரை நிற்கவில்லை, ஆனால் மெலிந்தது. ஆக, பை பாதிக் குற்றவாளிதான். மூடியைக் கவிழ்த்து ஊக்கை விட்டுக் குடைந்தேன். வெளியே வந்தது தூசியும் வெள்ளையாகக் குழைந்த ஏதோ ஒன்றும். முகர்ந்து பார்த்தேன். டேங்குக்குப் போட்ட மெழுகு.

பையை அவிழ்த்துப் பின் சீட்டில் கட்டினேன். பாதை உச்சி வரை மூன்றாவது கியரை இறக்கவே இல்லை. நண்பன் ரெண்டு தடவை பின்தங்கினான், அவன் வண்டி புத்தம் புதுசு. புதிய பிளக்கைக் கழற்றி அந்த வெள்ளைப் பிளக்கையே மாட்டி ஊர் வரை ஓட்டினேன். ரெண்டு நாளில் பழுப்புக்கு வந்துவிட்டது.