கள்ளியங்காட்டு நீலியும் நானும்: ஒரு ரசிகையின் நாட்குறிப்பு

28 ஆகஸ்ட் 2025, வியாழன்

இப்போதுதான் ‘லோகா: சாப்டர் 1 – சந்திரா’ என்ற மலையாள சூப்பர் ஹீரோ படம் பார்த்துவிட்டு வந்தேன். இதில் சூப்பர் ஹீரோ ஒரு பெண். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நாகர்கோவில்காரர்களுக்கு மலையாளப் படத்தை மலையாளத்திலேயே பார்ப்பது பழக்கம்தான். ஆனால் ஒரு பெண் நடந்து வருவதற்கு இப்படி விசில் பறந்து நான் கேட்டதில்லை.

கதை நடப்பது பெங்களூரில். எதிர் வீட்டுக்குப் புதிதாக சந்திரா என்று ஒருத்தி (கல்யாணி பிரியதர்ஷன்) குடிவருகிறாள். ஜன்னல் வழியாக மூன்று பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. நம் படங்களில் ஜன்னல் வழியாகப் பார்க்கப்படும் பெண்ணுக்கு அதற்கப்புறம் பெரிதாக வேலை இருக்காது. இங்கே கதையே அவள் கைக்குப் போய்விடுகிறது. நஸ்லென் நடித்த சன்னி, பயந்து, வியந்து, தன்னால் முடிந்த உதவியைச் செய்கிறான். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கடைசி நிமிடத்தில் குறுக்கே வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகவில்லை. இதற்காகவே இயக்குநர் டொமினிக் அருணுக்கும், அவரோடு திரைக்கதை எழுதிய சாந்தி பாலச்சந்திரனுக்கும் நன்றி.

அவள்தான் எங்கள் பக்கத்துப் பேய்க்கதைகளில் வரும் கள்ளியங்காட்டு நீலி என்று தெரிகிற இடத்தில் எங்கள் அரங்கில் எழுந்த சத்தம் வேறு எந்த ஊர் அரங்கிலும் கேட்டிருக்காது. பார்வதிபுரம் தாண்டினால் கள்ளியங்காடு! பஸ்ஸில் போகும்போது பார்க்கிற பெயர்ப்பலகை அது.

30 ஆகஸ்ட், சனி

கல்யாணி பிரியதர்ஷனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2013இல் வந்த ‘கிரிஷ் 3’ படத்தில் அவர் கலை இயக்கத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 2019இல் தமிழில் ‘ஹீரோ’. அதில் முகமூடி போட்டது சிவகார்த்திகேயன், கல்யாணி அவருக்கு ஜோடி. இப்போது சந்திரா. ஒரு சூப்பர் ஹீரோ படத்தில் செட்டுக்குப் பின்னால் நின்றவர், அடுத்ததில் நாயகனுக்குப் பக்கத்தில் நின்றார், இதில் நடுவில் நிற்கிறார். இடையில் ‘மாநாடு’, ‘தல்லுமாலா’ என்று எத்தனையோ துறுதுறுப்பான வேடங்கள். அந்தச் சிரிப்பைத்தான் எல்லாரும் கேட்டு வாங்கினார்கள்.

இதில் அவர் சிரிப்பதே அபூர்வம். எனக்கு மிகவும் பிடித்தது அந்த முகத்தில் இருக்கும் களைப்பு. நூற்றாண்டுகளாக உயிரோடு இருப்பவள் எப்படி இருப்பாள்? பழகியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். புதிதாக யாரோடும் ஒட்ட மனசு வராது. சன்னி வீட்டில் எல்லாரும் கூத்தடிக்கும்போது அவள் பார்க்கிற பார்வையில் இது அத்தனையும் இருக்கிறது. வசனமாக ஒன்றும் சொல்லவில்லை.

சண்டைக்காக நிறையப் பயிற்சி எடுத்தார் என்று படித்தேன். அடிக்கும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்புகின்றன, உடம்பின் எடை முழுக்க அடியில் இறங்குகிறது. கயிறு கட்டிப் பறக்கவிடும் சண்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

5 செப்டம்பர், வெள்ளி

திருவோணம். அம்மாவையும் தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். தங்கை மகள் எட்டாம் வகுப்பு. இடைவேளையில் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு, “பெரியம்மா, அவளுக்கு இவ்வளவு சக்தி இருக்குல்லா, அப்புறம் ஏன் ஒளிஞ்சு ஒளிஞ்சு இருக்கா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு முன்னால் அம்மா பதில் சொன்னாள்: “ஊரு அவளப் பேயின்னுதானே சொல்லும் மக்களே.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா முழுக்கதையையும் சொன்னாள். சின்ன வயதில் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகக் கேட்ட கதை. தன்னை நம்பிப் பின்னால் வந்த பெண்ணைக் கோயில் பூசாரி ஒருவன் நகைக்கு ஆசைப்பட்டு, மடியில் தூங்கும்போது தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பக்கத்தில் கள்ளிச்செடிதான் சாட்சி. அவள் நீலியாக மறுபடி பிறக்கிறாள், அவன் வணிகனாகப் பிறக்கிறான். கள்ளிக்கொப்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன்” என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்பாள். அவர்களும் நம்பி அவனை அவளோடு அனுப்பிவைப்பார்கள். பழி தீர்ப்பாள். அந்த நீலிதான் இசக்கியாக இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம், அதே அம்மனைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தவும் செய்கிறோம்.

கேரளத்துக் கதையில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரம் தெரிந்த பாதிரியார் வந்து அவளை அடக்குவார். யட்சி என்றால் ஆணி அடித்து அடக்க வேண்டியவள், அவ்வளவுதான். எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! வெள்ளைச் சேலை, சுண்ணாம்பு கேட்பது, கடைசியில் ஒரு மந்திரவாதி.

‘லோகா’ அங்கேதான் கதையைத் திருப்புகிறது. இந்த நீலி ஒரு காட்டுவாசிச் சிறுமி. கோயிலுக்குள் போய்விட்டாள் என்பதற்காக அரசனின் ஆட்கள் அவள் இனத்தையே அழிக்க வருகிறார்கள். கத்தனாரும் வருகிறார், ஆனால் ஆணி அடிக்கவில்லை. இந்தச் சக்தியை மனிதர்களைக் காப்பாற்றப் பயன்படுத்து என்று வழி காட்டுகிறார். அவளுக்கு என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டதும் பேய் காவல்காரி ஆகிவிடுகிறாள். நான் இந்தப் படத்தைக் கொண்டாடுவதற்கு முதல் காரணம் இது. வெளிநாட்டு நாயகிகளின் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வரவில்லை. நம் பாட்டிகள் சொன்ன கதையிலிருந்தே எழுந்து வருகிறாள்.

14 செப்டம்பர், ஞாயிறு

வில்லனைப் பற்றி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. நம்ம நடன இயக்குநர் சாண்டி மாஸ்டர். ‘லியோ’வில் கொஞ்ச நேரமே வந்து மிரட்டியவர், இங்கே இன்ஸ்பெக்டர் நாச்சியப்ப கௌடாவாகப் படம் முழுக்க வருகிறார். அம்மாவைத் தெய்வமாகக் கும்பிடுகிற, மற்றப் பெண்கள் வெளியே நடமாடினாலே முகம் சுளிக்கிற போலீஸ்காரன். இப்படிப்பட்ட ஆளை எல்லாருக்கும் தெரியும். நீலிக்கு எதிரி ராட்சசனாக இருக்கத் தேவையில்லை, இவன் போதும்.

உறுப்புத் திருட்டுக் கும்பல் கதைதான் கொஞ்சம் பழகிய சரக்கு. எந்தப் படத்திலும் பார்க்கலாம். ஆனால் நிமிஷ் ரவியின் ஒளிப்பதிவு அதையெல்லாம் மறக்கடிக்கிறது. இரவு நேர பெங்களூரைச் சிவப்பிலும் நீலத்திலும் அப்படிக் குளிப்பாட்டியிருக்கிறார். ஜேக்ஸ் பிஜாயின் இசை காலையில் சமைக்கும்போதும் காதில் ஓடுகிறது. சுமார் 30 கோடியில் எடுத்தது என்கிறார்கள். பெரிய நாயகர்களுக்கு நம் ஊரில் சம்பளமே இதைவிட அதிகம். துல்கர் சல்மான் ஒரு பெண்ணை நம்பி இந்தப் பணத்தைப் போட்டிருக்கிறார்.

28 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாம் பாகம் அறிவித்துவிட்டார்கள். டொவினோ தாமஸின் சாத்தன், அதாவது கேரளக் கதைகளில் வரும் குட்டிச்சாத்தன். முதல் பாகத்தில் அவர் வந்துபோன காட்சி எனக்கும் பிடிக்கும், நன்றாகச் சிரிக்க வைத்தார். சந்தோஷம்தான். இருந்தாலும் மனதில் ஒரு உறுத்தல்.

2 நவம்பர், ஞாயிறு

படம் ஓடிடியில் வந்துவிட்டது. தங்கை மகள் இங்கேதான் இருக்கிறாள். ரிமோட் அவள் கையில். சிறுமி நீலி முதன்முதலாகத் திருப்பி அடிக்கும் காட்சியையே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் குழந்தை நடிகை என்ன ஒரு நடிப்பு! முதலில் கண்ணில் பயம் இருக்கிறது, தன் கை செய்ததைப் பார்த்துத் திகைப்பு வருகிறது, அப்புறம்தான் கோபம். வெற்றிச் சிரிப்பு கிடையாது. ஊரையும் அம்மாவையும் இழந்த பிள்ளைக்குச் சிரிப்பு எப்படி வரும்? கல்யாணி முகத்தில் பார்த்த களைப்பு இங்கே தொடங்குகிறது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நம்ப முடிகிறது.

உலக அளவில் 300 கோடியைத் தாண்டியிருக்கிறது. எந்த மலையாளப் படமும் இதுவரை தொடாத வசூல். பெண்ணை வைத்து எடுத்தால் கூட்டம் வராது என்று இனி எந்தத் தயாரிப்பாளரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

அன்றைக்கு உறுத்தியதை இன்று எழுதிவிடுகிறேன். அடுத்த பாகங்களில் சாத்தன், உருமாறும் ஒடியன் என்று கேரளக் கதைகளின் ஆண்கள் வரிசையாக வருவார்கள். வரட்டும். சந்திரா மட்டும் கடைசிச் சண்டைக்குக் கைதட்டல் வாங்க வந்துபோகும் விருந்தாளியாகிவிடக் கூடாது. கத்தனாரைச் சந்தித்ததற்கும் பெங்களூருக்கு வந்ததற்கும் நடுவில் எத்தனை நூறு ஆண்டுகள் கிடக்கின்றன! அந்தக் காலமெல்லாம் அவள் எங்கே இருந்தாள், யாரைக் காப்பாற்றினாள், யாரைக் காப்பாற்ற முடியாமல் போனது? அதை ஒரு முழுப் படமாக எடுங்கள். தங்கை மகளுக்குக் கல்லூரி வயது ஆனாலும் சரி, அவளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய்விடுவேன்.