கோவைக்குப் பக்கத்தில் சிறுவிமானத்தை எங்கே நிறுத்துவது?

எனக்குத் தெரிந்த வட்டத்தில், பின்னலாடையிலும் பம்பு உற்பத்தியிலும் தொழில் செய்யும் சிலர், இரண்டு அல்லது நான்கு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்குவது பற்றி உண்மையான ஆர்வத்துடன் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். விமானி உரிமம் வைத்திருப்பவன் என்ற முறையில் அவர்கள் என்னிடம் வரும்போது, எந்த விமானம் வாங்கலாம், விலை என்ன, மைலேஜ் என்ன என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டவுடன் பேச்சின் போக்கே மாறிவிடும். ஓடுபாதை எவ்வளவு நீளம் வேண்டும், ஏக்கர் என்ன விலை என்ற இரண்டை மட்டுமே அவர்கள் கணக்கில் வைத்திருப்பார்கள். என் அனுபவத்தில் அந்த இரண்டும் பின்னால் பார்த்துக்கொள்ளக் கூடியவை. முதலில் பார்க்க வேண்டியது காற்று. அடுத்தது அந்த நிலத்தைச் சுற்றி இன்று என்ன இருக்கிறது, நாளை என்ன வரும் என்பது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அவிநாசி சாலை விமான நிலையம். 1940-இல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீள ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு வசதி, வானிலை அறிக்கை என எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஓடுபாதை ஒன்றே ஒன்றுதான். அதில் பயணிகள் விமானங்களுக்கே முன்னுரிமை. ஏர்பஸ் 320 போன்ற ஒரு விமானம் இறங்கும்போது அதன் இறக்கை நுனிகளிலிருந்து எழும் காற்றுச்சுழல் சிறுவிமானத்தைப் புரட்டிப் போடக்கூடியது என்பதால், பின்னால் வரும் சிறுவிமானம் 5 கடல்மைல் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஆகவே நெரிசல் நேரத்தில் வட்டமடித்துக் காத்திருக்கப் போவது நீங்கள்தான். வந்து போவதற்கு அந்த நிலையம் மிக நல்லது. நிரந்தரமாக நிறுத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பறந்து வர நினைப்பவருக்குப் பொருந்தாது.

அங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. தேஜஸ் போர் விமானங்கள் இருந்து இயங்கும் தளம் அது. தனியார் விமானத்துக்கு அங்கே இடமில்லை என்பது மட்டுமல்ல. இரண்டு நிலையங்களும் அருகருகே அமைந்திருப்பதால், கோவையைச் சுற்றியுள்ள வான்பரப்பு முழுவதுமே யாரோ ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அன்னூரிலோ கருமத்தம்பட்டியிலோ சோமனூரிலோ விலைக்கு வரும் பூமியைப் பார்த்து ஆசைப்படுவோர், தரையில் காட்டும் அக்கறையில் பாதியையாவது தலைக்கு மேல் இருக்கும் வானத்துக்கும் காட்ட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டிய நாட்டில், போர் விமானங்கள் இறங்கும் பாதையின் கீழே தனியார் ஓடுபாதை அமைக்கப் பாதுகாப்பு அமைச்சகம் இசையும் என்று எதிர்பார்ப்பது வீண்.

மேற்கே போனாலும் வழியில்லை. தொண்டாமுத்தூர், காரமடை, மேட்டுப்பாளையம் பக்கங்களில் நிலம் அழகாக இருக்கும். ஆனால் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கும் பக்கம் அது. மலைமுகட்டைக் கடந்த காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து சுழலும். மேகமும் நிமிடங்களில் இறங்கிவிடும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தபோது, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் அது மேகத்துக்குள் நுழைய நேர்ந்தது என்றே விசாரணையில் தெரியவந்தது. இவ்வளவுக்கும் அதை ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள்.

இனி சொந்த நிலம். பல்லடம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், "ஏனுங் தம்பி, பத்து ஏக்கர் பூமி சும்மாதானுங்க கெடக்குது, அங்கயே எறக்கிக்கலாமுங்களா?" என்று மிக இயல்பாகக் கேட்டார். கணக்கைச் சொன்னேன். ஆயிரம் மீட்டர் ஓடுபாதை என்றால், இரண்டு முனைகளிலும் 60 மீட்டர் வெற்றிடம் சேர்த்து 1,120 மீட்டர் நீளமும், 80 மீட்டர் அகலமும் தடையின்றி வேண்டும். அதுவே 22 ஏக்கர். பரப்பைவிடப் பெரிய சிக்கல் வடிவம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்கோட்டில் ஒரே கிரயத்தில் கிடைக்கும் பூமி நம் பக்கத்தில் மிக அரிது. இடையில் ஓர் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) குறுக்கிடும், அல்லது பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டமான பி.ஏ.பி.யின் வாய்க்கால் போகும், இல்லாவிட்டால் பங்காளி ஒருவரின் இரண்டு ஏக்கர் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நீளம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி முடிய, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று ஓயாமல் அடிக்கும். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு அந்தக் கணவாயே காரணம். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆயிரம் கிலோ எடைகூட இல்லாத விமானம் தரையில் கட்டிப் போட்டிருக்கும்போதே பறக்கப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். கோவை ஓடுபாதை 05/23 என்ற திசையில், அதாவது வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருப்பதால், 250 பாகையிலிருந்து, அதாவது மேற்குக்குச் சற்றுத் தெற்கிலிருந்து, 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் காற்று வந்தாலும், பக்கவாட்டில் தள்ளும் குறுக்குக்காற்றாக 7 நாட் மட்டுமே விமானத்தின் மேல் படும். அதே காற்று தெற்கு வடக்காகக் கிடக்கும் ஓடுபாதையில் 19 நாட் குறுக்குக்காற்றாக மாறிவிடும். நான்கு இருக்கை செஸ்னா 172-இன் கையேடு, சோதனையில் சமாளித்துக் காட்டப்பட்ட குறுக்குக்காற்றின் அளவாகத் தருவது 15 நாட். இரண்டு இருக்கை செஸ்னா 152-க்கு 12 நாட். அது வரம்பு அல்ல, சோதனை விமானி அன்று கண்ட காற்றின் அளவுதான் என்று வாதிடுவோர் உண்டு; அப்படி வாதிடுவோர் பெரும்பாலும் தம் சொந்த விமானத்தில் அதைச் செய்து பார்ப்பதில்லை. சர்வதேச விதிமுறை இன்னும் கண்டிப்பானது: சிறுவிமானங்களுக்கான ஓடுபாதையில், குறுக்குக்காற்று 10 நாட்டுக்குள் இருக்கும் நேரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது அமைய வேண்டும் என்கிறது. தெற்கு வடக்காக நீண்ட பூமி பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீளக் கணக்கிலும் நம் ஊர் வெயில் கைவைக்கும். கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் விமானக் கையேடுகள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை 12 டிகிரி. சித்திரை மதியம் 38 டிகிரி அடிக்கும்போது, காற்று மெலிந்து, 4,300 அடிக்கும் மேலான இடத்தில் நிற்பது போலத்தான் இயந்திரமும் இறக்கையும் நடந்துகொள்ளும். கடல்மட்டத்தில் இயல்பான வெப்பத்தில், முழுச் சுமையுடன் 50 அடித் தடையைத் தாண்ட 500 மீட்டர் போதும் என்றிருக்கும் செஸ்னா 172-க்கு, இங்கே அந்த வெயிலில் ஏறத்தாழ 650 மீட்டர் வேண்டும். புல்தரை என்றால் இன்னும் கூடும். விமானி செய்யும் சிறு தாமதங்களுக்கும் இடம் விட்டால், ஆயிரம் மீட்டர் என்பது ஆடம்பரம் அல்ல.

அடுத்தது அக்கம்பக்கம். ஓடுபாதை முனையில் விட்ட 60 மீட்டர் வெற்றிடத்துக்கு அப்பால், 25 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவுக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருபது மீட்டர் உயரத் தென்னை ஒன்று நிற்க வேண்டுமானால், அது முனைக்கு அப்பால் 560 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்று பொருள். அதில் வெற்றிடம் போக மீதி 500 மீட்டர் பூமி உங்களுடையது அல்ல. பக்கத்துத் தோட்டக்காரர் நாளைக்கே தென்னம்பிள்ளை வைத்தால் நீங்கள் தடுக்கவும் முடியாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தை நான் பட்டியலிலிருந்து நீக்கியதற்குத் தென்னை ஒன்றே காரணம். காற்றாலைகள் நூறு மீட்டருக்கும் மேல் உயர்பவை. அவற்றின் பின்புறம் கலங்கிய காற்று நெடுந்தூரம் தொடரும். உயர்மின் கோபுரங்கள் இன்னொரு தலைவலி: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் தடமும், அங்கிருந்து கேரளத்துக்குப் பிரிந்து போகும் தடங்களும் நம் மானாவாரிக் காடுகளின் வழியேதான் போகின்றன. கோபுரம் கண்ணுக்குத் தெரியும். சாய்வெயிலில் கம்பி தெரியாது.

பறவைகளைப் பற்றி வெளியூர் ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகளில் மயிலுக்குப் போதிய இடம் தரப்படுவதில்லை. கொங்கு நாட்டில் மயில் இல்லாத புதர்க்காடு இல்லை. நான்கைந்து கிலோ எடையுள்ள அந்தப் பறவை மெதுவாக எழும்பி, விமானம் தரையை விடும் உயரத்திலேயே குறுக்கே வரும். பல்லடம், நாமக்கல் பக்கங்களில் கோழிப்பண்ணைகள் அதிகம். செத்த கோழியை வெளியே வீசும் பண்ணை ஒன்று அருகில் இருந்தால் பருந்துகள் கூடிவிடும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கழிவு கொட்டக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள் சொல்வது உண்மைதான். நடைமுறையில், பண்ணைக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவதுதான் பலன் தரும். தாழ்வாகப் பறக்கும் விமானத்தின் ஓசைக்குக் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும் என்பதால் அவருக்கும் உங்கள் மேல் புகார் இருக்கும்.

எரிபொருளை இடத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பழைய பிஸ்டன் இயந்திரங்களுக்கான அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா நிலையங்களிலும் கிடைக்காது. பீப்பாயில் வரவழைத்துச் சேமிக்க வேண்டியிருக்கும். ரோட்டாக்ஸ் 912 இயந்திரம் பொருத்திய இரண்டு இருக்கை விமானம் சாதாரணப் பெட்ரோலில் ஓடும், டைமண்ட் டி.ஏ. 42 என்ற சிறுவிமானம் ஜெட் எரிபொருளிலேயே ஓடும். ஒதுக்குப்புறமான தனியார் தளத்துக்குச் சாதாரணப் பெட்ரோலில் ஓடும் வகையே எளிது.

நகரம் வளர்ந்து தளத்தைச் சூழ்ந்துகொள்வதைப் பெங்களூரு ஜக்கூரிலும் மும்பை ஜூஹுவிலும் பார்க்கலாம். ஊருக்கு வெளியே தொடங்கிய இரண்டும் இன்று கட்டடங்களுக்கு நடுவே இருக்கின்றன. இதற்கு மாறாக, ஓசூர் அருகே பெலகொண்டப்பள்ளியில் உள்ள தனியார் தளம், 2,100 மீட்டருக்கு மேற்பட்ட ஓடுபாதையுடன் விமானப் பராமரிப்புத் தொழிலையும் சேர்த்தே நடத்துவதால் நிலைத்து நிற்கிறது. பணக்காரர் ஒருவரின் வார இறுதி ஆசையை மட்டும் நம்பி ஒரு தளம் நீடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழுது பார்க்கும் கொட்டகையும் பயிற்சிப் பள்ளியும் சேர்ந்தால்தான் காவலுக்கும் பராமரிப்புக்கும் பணம் வரும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து, இப்போதைக்கு நான் சொல்லும் பதில் சேலம். ஓமலூர் சாலையில் காமலாபுரத்தில் உள்ள நிலையத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. பயணிகள் விமானங்கள் குறைவு. பறக்கும் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்ட நிலையங்களிலும் அது ஒன்று என்பதால், சிறுவிமானத்தைப் புரிந்துகொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். சேர்வராயன் மலை பக்கத்தில் நிற்பதை மறக்கக் கூடாது. கோவையிலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆகும் என்பதே அதன் பெரிய குறை. ஈரோட்டுக்காரருக்கும் நாமக்கல்காரருக்கும் அதுவும் குறையில்லை.

சொந்தத் தளம்தான் வேண்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்து முடிவெடுத்தால், காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட கொறங்காடுகளைப் பாருங்கள் என்பேன். கிளுவை வேலியிட்ட அந்த மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் சமதளம். செம்மண்ணும் சரளையும் கலந்திருப்பதால், உடுமலைக் கரிசலைப் போல ஐப்பசி மழையில் சக்கரத்தை விழுங்காது. நீர்ப்பாசனம் குறைவு என்பதால் தென்னையும் குறைவு. காற்றாலை வரிசைகளுக்கும் உயர்மின் தடங்களுக்கும் விலகிய துண்டு ஒன்றைக் கிழக்கு மேற்காகத் தேட வேண்டும். கிடைத்தவுடன் முன்பணம் கொடுத்துவிடாமல், பத்து மீட்டர் கம்பத்தில் காற்றுமானி ஒன்றைப் பொருத்தி, ஆனியும் ஆடியும் முழுவதுமாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுடன் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் இடத்துக்கான ஒப்புதலைக் கேளுங்கள். விமானத்துக்கு ஆர்டர் கொடுப்பதை அந்த ஒப்புதல் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.