ஏழாம் தலைமுறைக் கணினியும் சனிக்கிழமை இரவுகளும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் கணினியை 2017இல் நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தினேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, தாய்ப்பலகை (மதர்போர்டு) ஒரு கடையிலும் கிராஃபிக்ஸ் கார்டு வேறொரு கடையிலுமாக வாங்கி, தொண்ணூறு கிலோமீட்டரும் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். இன்டெல் ஐ5-7400 செயலி, 4 ஜி.பி. நினைவகம் கொண்ட ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு, முதலில் 8 ஜி.பி.யாக இருந்து பின்னர் 16 ஆக்கப்பட்ட ராம். எட்டு ஆண்டுகளில் மின்வழங்கியை ஒருமுறையும் விசிறியை இரண்டு முறையும் மாற்றியதைத் தவிர அதற்கு நான் எந்த வைத்தியமும் பார்த்ததில்லை.

அந்தக் கணினிக்கு 2025 அக்டோபர் 14 ஒரு கெடு நாளாக வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அன்றோடு நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதைக்கூட என் தாய்ப்பலகையின் பயாஸ் என்னும் தொடக்க அமைப்புக்குள் போய் இயக்கிவிட முடிந்தது. ஆனால் இன்டெல் செயலிகளில், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதிப் பட்டியல் தொடங்குகிறது. என்னுடையது ஏழாம் தலைமுறை. ஓராண்டுக்கு நீட்டிப்பு பெறும் வழி உண்டு, சோதனையை ஏமாற்றி நிறுவிக்கொள்ளும் குறுக்கு வழியும் உண்டு என்று நண்பர்கள் சொன்னார்கள். நீட்டிப்பு என்பது அடுத்த ஆண்டு இதே கேள்வியை மறுபடியும் கேட்டுக்கொள்வதுதான். குறுக்கு வழியில் நுழைந்த வீட்டிலிருந்து என்றைக்கு வெளியே தள்ளுவார்களோ என்ற யோசனையுடனேயே காலம் கழிக்கவும் எனக்கு மனமில்லை. ஓடுகிற வண்டியை எடைக்குப் போட மனம் வராத குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால்தான் விண்டோஸுக்குப் பதிலாக நிறுவிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் பக்கம் திரும்பினேனே தவிர, எவரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் மீது கொண்ட கொள்கைப் பற்றால் அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

லினக்ஸ் எங்கள் வீட்டுக்குப் புதியதும் அல்ல. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் தங்கைக்கு ஒரு மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவர்களில் பலர் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டார்கள். பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அழித்துக் கொடுத்தார்கள். எங்கள் தங்கையினுடையதை நான் கூலியில்லாமல் அழித்துக் கொடுத்தேன். பிடித்த விளையாட்டு எதுவும் அதில் ஓடாது என்பது மட்டுமே அன்று நான் வைத்திருந்த காரணம். அன்றைய நிலையில் அது சரியான காரணமும்தான்.

இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் திட்டம் 1993இலேயே தொடங்கிவிட்டது. வைன் ஒரு போலிக் கணினியை உள்ளே உருவாக்குவதில்லை. விளையாட்டு ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தச் சாளரத்தை வரை’ என்று விண்டோஸிடம் கேட்பதை இடையில் நின்று வாங்கி, அதையே லினக்ஸுக்குப் புரியும் விதத்தில் கேட்டுக் கொடுக்கிறது. எல்லைப்புற ஊர்க்காரர்களான எங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓசூர்ச் சந்தையில் கன்னடத்தில் விலை கேட்பவருக்கும் தெலுங்கில் பதில் சொல்பவருக்கும் நடுவே நின்று வியாபாரத்தை முடித்து வைப்பவரின் வேலைதான் அது. ஆயினும் முப்பரிமாணக் காட்சிகள் என்று வந்தால் வைன் நெடுங்காலம் திணறியது. விண்டோஸ் விளையாட்டுகள் காட்சிகளை வரைவதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் டைரக்ட்3டி என்னும் மொழி லினக்ஸில் கிடையாது என்பதே காரணம். வல்கன் என்னும் பொதுவான வரைகலை இடைமுகம் 2016இல் வந்த பிறகுதான் இதற்கு விடிவு பிறந்தது. டைரக்ட்3டியை வல்கனாக மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்ற மென்பொருளை பிலிப் ரெபோலே எழுதத் தொடங்கினார். அதையும் வைனையும் சேர்த்து, கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வெளியிட்டது.

வால்வுக்கும் இதில் சொந்த அக்கறை இருந்தது. தன் கடை முழுவதும் இன்னொருவரின் நிலத்தில் நிற்கிறது என்ற கவலை அதன் தலைவர் கேப் நியூவெலுக்கு 2012இலேயே, விண்டோஸ் 8 வந்த காலத்திலேயே, தோன்றிவிட்டது. லினக்ஸுக்கான ஸ்டீம் 2013இல் வந்தது. 2015இல் வந்த, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் விளையாட்டுப் பெட்டிகள் விலைபோகவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு, விளையாட்டு நிறுவனங்களை லினக்ஸுக்காக எழுதுங்கள் என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, அவர்கள் எழுதியதையே ஓட வைக்கும் வழியை வால்வ் பிடித்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் வந்த கையடக்க ஸ்டீம் டெக் கருவி அந்த வழியின் பலன். அதனுள்ளே ஓடுவது ஆர்ச் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ்.; அந்தக் கருவியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதற்காகச் செய்த சீர்திருத்தங்களின் பலன் என் மாடி அறைக்கும் வந்து சேர்கிறது.

மாற்றத்தை ஆயுத பூஜை விடுமுறையில் செய்தேன். அம்மா கணினிப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மறுநாள் விஜயதசமியன்று அந்தப் பொட்டு கலையாமல் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினேன். நிறுவியது லினக்ஸ் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22. இந்த வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்பதும், டாஸ்க் பார், ஸ்டார்ட் மெனு எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிரைவர் மேனேஜரில், என் கிராஃபிக்ஸ் கார்டின் நிறுவனமான என்விடியாவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, தேர்ந்தெடுத்து ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன், ஸ்டீம் அமைப்புகளில் எல்லா விளையாட்டுகளுக்கும் புரோட்டானைப் பயன்படுத்தச் சொன்னேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு நாள் முழுவதும் வீணானது என் பேராசையால். பழைய டி டிரைவில் ஏற்கெனவே 300 ஜி.பி. அளவுக்கு விளையாட்டுகள் இருந்தன. அவற்றை மறுபடியும் தரவிறக்கினால் எங்கள் தெரு கேபிள் இணையம் மூன்று நாள் எடுக்கும் என்பதால், அந்த டிரைவையே ஸ்டீமுக்குக் காட்டினேன். விளையாட்டுகள் பட்டியலில் தெரிந்தன. ‘பிளே’யை அழுத்தினால் ஒரு நொடி ஓடுவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு நின்றன. இரவு பதினொரு மணிக்குத்தான் காரணம் புரிந்தது. டி டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் விண்டோஸின் முறையான என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் இருந்தது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறிய பொய் விண்டோஸ் வீட்டைக் கட்டி, அதற்குள் ‘சி:’ என்ற பெயரிலேயே ஓர் இணைப்பை வைக்கிறது. முக்காற்புள்ளி உள்ள பெயரை என்.டி.எஃப்.எஸ். ஏற்காது. போதாததற்கு, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி அந்த டிரைவை முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் விட்டிருந்ததால், லினக்ஸ் அதை வாசிக்க மட்டுமே அனுமதித்தது. விளையாட்டுக் கோப்புகளை லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்புள்ள புதிய டிரைவுக்கு நகலெடுத்து, ஸ்டீமைச் சரிபார்க்கச் சொன்னதும் எல்லாம் எழுந்து நின்றன. மாற நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பழைய டிரைவிலிருந்து நேரடியாக ஓட்ட முயலாதீர்கள்.

நான் ஆடுபவை பெரும்பாலும் தனியாள் ஆட்டங்கள். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 லினக்ஸுக்கென்றே வெளிவந்த பதிப்பைக் கொண்டது. தேசிய நெடுஞ்சாலை 44இல் இரவெல்லாம் லாரிகள் ஓடும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து ஜெர்மனியில் லாரி ஓட்டுவது ஒருவகைக் கிறுக்குதான். விட்சர் 3 புரோட்டானில் ஓடுகிறது. டைரக்ட்3டி 11 பயன்படுத்தும் இத்தகைய விளையாட்டுகளில் விண்டோஸுக்கும் இதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டைரக்ட்3டி 12 மட்டுமே தெரிந்த புதிய விளையாட்டுகளில் என்விடியா கார்டுகளின் வேகம் லினக்ஸில் குறைகிறது. என் பழைய கார்டில் அது நன்றாகவே தெரிகிறது. முதல்முறை திறக்கும்போது, காட்சிகளை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தயார்செய்கிறேன் என்று ஸ்டீம் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்த நேரத்தில் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதற்கு புரோட்டான் டி.பி. தளத்தில் ஆடியவர்களே எழுதிய குறிப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். கேம் பேட் செருகிய உடனே வேலை செய்தது.

ஆனால் சனிக்கிழமை இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தர்மபுரியில் இருக்கும் அண்ணன் மகன் பிளஸ் டூ படிக்கிறான். வார இறுதியில் இங்கு வந்தால் என் கணினியில்தான் அவன் நண்பர்களோடு ஆடுவான். மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை, பத்து நிமிடம் தேடிவிட்டு மாடியிலிருந்தே குரல் கொடுத்தான்: “சித்தப்பா, என் கேம் எங்க? எல்லாரும் லாபியில வெயிட் பண்றாங்க.” அந்த ஆட்டம் லினக்ஸில் ஓடாது என்று சொன்னபோது, நான் அவனுடைய சைக்கிளை விற்றுவிட்டதுபோல் பார்த்தான்.

ஓடாததற்குக் காரணம் தொழில்நுட்பம் கைவிட்டது அல்ல. போட்டி ஆட்டங்களில் சுவருக்கு அப்பால் பார்ப்பது, தானாகக் குறிவைப்பது போன்ற ஏமாற்று வேலைகளைத் தடுக்க ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ரயட் நிறுவனத்தின் வேங்கார்ட் போன்றவை விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. வைன் நிற்பது பிராகாரத்தில். கருவறைக்குள் நடப்பதை அது மொழிபெயர்த்துக் கொடுக்க முடியாது. அதனால் ரயட்டின் வாலரன்ட் ஆட்டம் லினக்ஸில் கிடையாது. 2024இல் வேங்கார்ட் சேர்க்கப்பட்டதோடு, அதுவரை லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த அதே நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் நின்றது. இன்னொரு வகையும் உண்டு. ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு தடுப்பு மென்பொருள்களும் 2021இலேயே புரோட்டானுக்கு ஆதரவு தந்துவிட்டன; ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் விருப்பம். சிலர் இயக்கினார்கள், பலர் இயக்கவில்லை. இயக்கிவிட்டுப் பின்வாங்கியவர்களும் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்னும் ஆட்டம் 2024 இறுதியில், ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி அந்தக் கதவை அடைத்தது. ஜி.டி.ஏ. 5இன் கதைப் பகுதியை நான் இன்றும் ஆடுகிறேன். அதன் ஆன்லைன் பகுதிக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்ததிலிருந்து லினக்ஸ்காரர்களுக்கு அனுமதி இல்லை.

அந்த நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்டீமின் 2025 அக்டோபர் கணக்கெடுப்பில்தான் லினக்ஸ் பயன்படுத்துவோர் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். அவர்களிலும் கணிசமானோர் ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள். நூற்றில் மூன்று பேருக்காகப் புதிய காவல்காரரை வேலைக்கு வைக்க எந்தக் கடைக்காரரும் யோசிக்கத்தான் செய்வார். எனினும் கெர்னலுக்குள் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் ஆளைக் குடியமர்த்துவதற்கு நான் உடன்படமாட்டேன். அது விண்டோஸிலும் எனக்குப் பிடிக்காத ஒன்று.

அண்ணன் மகனிடம் கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆடலாமே என்றேன். அது லினக்ஸிலேயே ஓடும், டோட்டா 2வும் ஓடும். அரை மணி நேரம் ஆடிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சித்தப்பா, ஆனா இதுல எங்க பசங்க யாருமே இல்ல” என்றான். லினக்ஸ் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளில் வேகம், ஃபிரேம் கணக்கு, டிரைவர் என்றே பேசுகிறார்கள். அவன் சொன்ன குறையை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு அந்த ஆட்டம் என்பது நாலு ரோட்டு டீக்கடைத் திண்ணை மாதிரி. திண்ணையை வேறு தெருவுக்கு மாற்றினால் அவன் மட்டும் வந்து என்ன செய்வான்?

ஆகவே பழைய 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 10ஐ அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அதில் திறப்பதில்லை. அவன் வரும்போது மட்டும் எஃப்11 அழுத்தி அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். என் கார்டு சேர்ந்த பாஸ்கல் வகைக்கு 580 வரிசையே கடைசி டிரைவர் என்று என்விடியா அறிவித்துவிட்டதால், லினக்ஸிலும் என் 1050 டி.ஐ.க்குக் காலம் எண்ணப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த கார்டு, லினக்ஸில் டிரைவர் தொல்லை குறைந்த ஏ.எம்.டி.யாக இருக்கும்.

போன வாரம் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். கல்லூரிக்குப் போகிறவனுக்கு மடிக்கணினி வாங்க வேண்டும், நீ போட்டிருக்கிற அந்த லினக்ஸையே போட்டுவிட்டால் விண்டோஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகுமா என்று கேட்டார். மிச்சமாகும் அண்ணா, ஆனால் அவனுக்கு விண்டோஸே இருக்கட்டும் என்றேன்.