பி0335 வந்தால் சென்சாரை மாற்றுவதற்கு முன்

கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரிலிருந்து சிக்னல் வராவிட்டால் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகச் சுற்றும். ஆனால் இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியு-வுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தெரியாது. தெரியாத வரைக்கும் ஸ்பார்க் கொடுக்காது, இன்ஜெக்டரைத் திறக்காது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி ஓடிய பெட்ரோல் பம்ப்பும் நின்றுவிடும். கேம் ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சாரை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிவிடும் வண்டிகளும் உண்டு, ஆனால் அதை நம்பி வெளியூர் கிளம்ப முடியாது.

இந்தக் கோளாறுக்கு ஸ்கேனரில் வரும் கோட் பி0335. வந்தவுடன் சென்சாரை மாற்றிவிடுவது எங்கள் தொழிலில் பரவலான பழக்கம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சென்சார், அதற்குப் போகும் வயர்கள், கனெக்டர், இசியு-வின் உள்பகுதி என்று எதில் கோளாறு இருந்தாலும் அதே கோட்தான் வரும். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும், சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும் பல் சக்கரத்தில் அடிபட்டிருந்தாலோ, சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தாலோகூடச் சில வண்டிகளில் இதையே காட்டும். எங்கே தேடுவது என்பதை மட்டும்தான் கோட் சொல்கிறது. மீதியை மீட்டரை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோவையில் என் பட்டறைக்கு ஒரு பெட்ரோல் டாக்சி வந்தது. ஓட்டுநர் சத்தியமங்கலம் வழியாக அடிக்கடி மைசூருக்குப் போய் வருபவர். "ஏனுங்ணா, வேற பட்டறையில ரெண்டு சென்சார் மாத்தியாச்சுங்க. அப்பவும் திம்பம் ஏறுனா பாதியில நின்னுக்குதுங்க. கொஞ்ச நேரம் ஆறுனா மறுபடி எடுத்துக்குதுங்க" என்றார். 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை அது. பின்னால் லாரி ஏறி வரும்போது நடுவளைவில் பயணிகளோடு வண்டி அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால் சென்சார்தான் போயிருக்கும் என்று யாருமே சொல்வார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு புது சென்சாரும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

இப்படி வந்து போகும் கோளாறைக் கோளாறு இருக்கும்போதே அளக்க வேண்டும். வண்டியை நன்றாகச் சூடேற்றி, அணைந்ததும் ஸ்கேனரில் ஆர்பிஎம் பார்த்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200-ஐ ஒட்டி ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றது. இந்த வண்டியில் இருப்பது காந்தப்புல மாற்றத்தை உணரும் மூன்று வயர் ஹால் சென்சார்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றி சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 5 வோல்ட் சுத்தமாக வந்தது. முந்தைய பட்டறையிலும் இதைப் பார்த்துவிட்டு வயர் சரி, சென்சார்தான் கோளாறு என்று முடிவு கட்டியிருப்பார்கள் என நினைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் மீட்டர் ஏமாற்றும். டிஜிட்டல் மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வயரில் சில நூறு ஓம் தடை இருந்தாலும் அது முழு வோல்டேஜைத்தான் காட்டும். சென்சாரை மாட்டிச் சில மில்லி ஆம்பியர் ஓட ஆரம்பித்தால்தான் அந்தத் தடை வெளியே தெரியும். அதனால் கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, பின்பக்க ரப்பர் சீல் வழியாக மெல்லிய ஊசியை வயரை ஒட்டியே நுழைத்து, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.9 காட்டியது. அப்படியென்றால் சென்சாருக்குக் கிடைப்பது 3 வோல்ட் சொச்சம்தான். அதை வைத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்யும்? இசியு பக்கத்து எர்த் பின்னில் அளந்தபோது ஏறக்குறைய பூஜ்யம். ஆக, கோளாறு நடுவில் உள்ள வயரில்.

வயர்க்கட்டின் டேப்பைப் பிரித்துக்கொண்டே போனேன். சைலன்சர் பைப் பக்கம் வளையும் இடத்தில் எர்த் வயரின் உறையில் ஒரு ஊசித் துளை. எப்போதோ யாரோ டெஸ்டர் முனையால் குத்திப் பார்த்திருக்கிறார்கள். அது வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருந்தன. உறை சூட்டில் இளகும்போது மிச்சமிருந்த இழைகளின் தொடர்பு விடுபட்டது. ஆறினால் திரும்ப ஒட்டிக்கொண்டது. வயரைக் குத்தாதீர்கள் என்று பையன்களிடம் நான் கத்துவது இதற்காகத்தான். குத்தியே தீர வேண்டிய கட்டாயம் வந்தால், உடனே அந்தத் துளையை அடைத்துவிட வேண்டும்.

களிம்பு பிடித்த பகுதியை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு அதே தடிமனில் புது வயர் சேர்த்தேன். இணைப்பைச் சூடு படாத இடத்தில் வைத்து, கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடேற்றினால் சுருங்கும் குழாய்) போட்டு மூடினேன். மறுபடி சூடேற்றி அளந்தபோது 0.01 வோல்ட்.

முதலில் கழற்றிய பழைய சென்சாரை ஓட்டுநர் டேஷ்போர்டில் வைத்திருந்தார். அதையும் பார்த்துவிடலாம் என்று மேஜையில் வைத்து 5 வோல்ட் கொடுத்து, சிக்னலுக்கும் சப்ளைக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். முனைக்கு எதிரே ஸ்க்ரூடிரைவரை அசைக்க அசைக்க மீட்டர் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் மாறி மாறிப் போனது. ஹேர் டிரையரால் சூடேற்றியும் பார்த்தாயிற்று, அதே பதில்தான். நல்ல சென்சார். "மாற்றியதே வேண்டாத செலவுங்க, பத்திரமா வச்சுக்கங்க, பின்னாடி உதவும்" என்று அவரிடமே கொடுத்துவிட்டு, வயர் வேலைக்கு மட்டும் பில் போட்டேன்.