பயந்தால் கல்லீரலுக்குள் என்ன நடக்கும்?
பயந்தால் நெஞ்சு படபடக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், கல்லீரலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. பயந்ததும் நரம்பு முனையிலிருந்து வரும் நார்அட்ரினலின் என்ற சமிக்ஞை வேதிப்பொருள் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் மேல்சவ்வில் சமிக்ஞையைப் பிடிக்கும் ஆல்ஃபா-1 ஏற்பி என்ற புரதத்தில் அது ஒட்டிக்கொண்டதும், செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னல் சேர்த்துவைத்த கால்சியம் அந்த வலையை விட்டு வெளியே வருகிறது. அதுவும் மொத்தமாகக் கொட்டாது, விட்டு விட்டு, அலையலையாக. அந்த வலையை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் என்ற ஆற்றல் தயாரிக்கும் உறுப்புகள் (ஒரு செல்லில் ஆயிரக்கணக்கில் இருக்கும்!) கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ள, பைருவேட் டீஹைட்ரஜனேஸ் மாதிரியான நொதிகள் வேகமெடுத்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உற்பத்தி ஏறுகிறது. அதே கால்சியம்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லுக்குள்ளேயே, சேமித்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனை உடைத்துக் குளுக்கோஸாக்கும் வேலையையும் முடுக்கிவிடுகிறது. சரி, கால்சியம் அளவுக்கு மிஞ்சித் தேங்கினால்? மைட்டோகாண்ட்ரியா வீங்கி, சவ்வில் துளை விழுந்து, செல்லே செத்துப்போகும். சாதாரணப் பயத்துக்கெல்லாம் அவ்வளவு தூரம் போகாது.