பிளாக் போட்டு நிரலை ஒழுங்குபடுத்தியபோது: எது முதலில், எது பிறகு

ஆத்தங்குடி டைல்ஸ், கொட்டான் (பனையோலைக் கூடை) வியாபாரத்துக்கான இருப்புக் கணக்கு மென்பொருளைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலுமாக ஐந்து பேர் பைத்தானில் எழுதுகிறோம். ஆளுக்கொரு நடை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூ நேரம் ஒற்றை மேற்கோளா இரட்டையா என்பதிலேயே கரைந்தது. நிரலின் நடையைத் தானே சீராக்கும் பிளாக், நடைப் பிழைகளைச் சுட்டும் ஃபிளேக்8, ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் ஒரு மாற்றத்தைப் பதிவது) முன் இவற்றை ஓட்டும் பிரீ-கமிட் மூன்றையும் போட முடிவெடுத்தோம். கருவி தேர்வு சுலபம். வரிசை பிசகினால்தான் வேலை கெடுகிறது.

முதலில் வரி முடிவு. வரி முடிந்ததைக் காட்டும் மறைகுறி விண்டோஸில் சிஆர்எல்எஃப், லினக்ஸில் எல்எஃப். கோப்பின் முதல் வரி எப்படி முடிகிறதோ அதையே பிளாக் மற்ற வரிகளுக்கும் வைக்கும் என்பதால் இது தானாகச் சரியாகாது. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்எஃப் என்று எழுதி, கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் விருப்பத்தோடு ஓட்டித் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

அடுத்தது மொத்த நிரலையும் பிளாக்கில் ஓட்டும் கமிட். கையால் மாற்றிய ஒரு வரிகூட இதில் கலக்கக் கூடாது. இந்தக் கமிட்டின் முழு 40 எழுத்து ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறி) இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் எழுதினால் கிட் பிளேம் அதைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரைக் காட்டும். மெர்ஜுக்கு (முதன்மைக் கிளையோடு சேர்ப்பது) முன்பே ஹாஷை எழுதி வைத்தோம். பல கமிட்டுகளை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் மெர்ஜில் அது மாறிப்போய்ப் பயனில்லாமல் ஆனது. மெர்ஜ் முடிந்த பிறகே எழுத வேண்டும். நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அந்தக் கோப்பைத் தானே படித்துக்கொள்ளும். சொந்தக் கணினியில் கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்; அமைப்பையும் அவரவர்தான் வைக்க வேண்டும்.

தனியே பிரித்து எழுதிப் பாதியில் நிற்கும் கிளைகள் இருந்தால் பிளாக் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை மட்டும் அந்தக் கிளையில் மெர்ஜ் செய்து, அங்கேயும் அதே பதிப்பு பிளாக்கை ஓட்டி, கமிட் செய்யுங்கள். பிறகு பிளாக் கமிட்டை அந்தக் கிளையில் உள்ளதையே வைத்துக்கொள்ளும் 'அவர்ஸ்' முறையில் மெர்ஜ் செய்தால் மோதல் வராது.

தமிழ்ச் சரங்கள்தான் (நிரலில் மேற்கோளுக்குள் வரும் செய்திகள்) எங்களை அதிகம் சோதித்தன. ஒரு வரியைப் பிளாக் 88 எழுத்து வரை விடும், ஃபிளேக்8 இயல்பாக 79-இல் நிறுத்தும். இரண்டையும் 88 ஆக்கி, பிளாக்கின் நடையோடு மோதும் ஃபிளேக்8-இன் இ203 விதியை (நிறுத்தக்குறிக்கு முன் இடைவெளி) அணைக்க வேண்டும். அதற்குப் பிறகும் தமிழ் வரிகள் சிவப்பாகவே நின்றன. 'ஆத்தங்குடி' நமக்கு ஆறு எழுத்து. புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணும் ஃபிளேக்8-க்கு அது 10. நீண்ட சரத்தைப் பிளாக் இயல்பாக உடைக்காது. செய்திகளையெல்லாம் ஒரு தனிக் கோப்புக்கு மாற்றி, அதற்கு மட்டும் வரி நீளத்தைப் பார்க்கும் இ501 விதியை விலக்கினோம்.

இன்னொன்று, 'கொட்டான்'. இதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடலில் ஒன்று இன்னொன்றோடு பொருந்தாது. இதைப் பிளாக்கும் பிடிக்காது, ஃபிளேக்8-உம் பிடிக்காது. பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தின் ஈஸ்-நார்மலைஸ்டு சார்பை வைத்து, என்எஃப்சி வடிவில் (அந்தக் குறி ஒரே குறியீடாக இருப்பது) இல்லாத கோப்பை மறுக்கும், கமிட்டின்போது ஓடும் சிறிய ஹூக் ஒன்றை நாங்களே எழுதிச் சேர்த்தோம்.

பிரீ-கமிட் இன்ஸ்டாலை ஒவ்வொருவரும் ஓட்ட வேண்டும். மறந்தவர்களும், அவசரத்தில் சோதனையைத் தாண்ட நோ-வெரிஃபை போடுபவர்களும் இருப்பார்கள். ஆகவே அதே சோதனையை எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் ஆல்-ஃபைல்ஸ் விருப்பத்தோடு, மாற்றம் வந்ததும் சர்வரில் தானே சோதிக்கும் சிஐ-யிலும் ஓட்டி, அது பச்சையானால்தான் மெர்ஜ் என்று பூட்டினோம். பிளாக்கின் நடை ஆண்டுத் தொடக்கத்து வெளியீட்டில் மாறக்கூடும்; பதிப்பு எண்ணைப் பிரீ-கமிட், சிஐ இரண்டு இடத்திலும் ஒன்றாகவே நிறுத்தி, மாற்றும்போது அதையும் தனிக் கமிட்டாகவே போடுகிறோம்.